காலி சீட்டுக்கு மூன்று பேர்

வந்திருந்தவர்கள்: கேப்டன். மெக்கானிக். கொட்டகைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஒருவன். கூலிங்கிளாஸ் என்று வைத்துக்கொள்வோம். 'வருங்கால விமானி' என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்த ஒரு பெண். கிடங்கில் நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த நான். ஒரு நாய். நாய் மட்டும் யாரையும் காக்கா பிடிக்க வரவில்லை.

எங்கள் விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்று, கொட்டகை ஒன்று. விமானி ஆக ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமை காலையில் அங்கே கூடுவோம். தொடர்புகளை வளர்ப்பது என்று அதற்குப் பெயர். நடப்பது என்னவோ கேப்டனின் குட்டி விமானத்தைக் கழுவுவதுதான்.

அன்று அவர் பக்கத்து ஊருக்குப் பறந்து போய்த் தன் முதலாளியைக் கூட்டிவர வேண்டும். போகும்போது பக்கத்து சீட் காலி. முதலாளியோ தன் செலவில் பயிற்சி கொடுத்து விமானி ஆக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த சீட்டில் போய் இறங்குகிறவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. எனக்கு அது வேண்டும். திரும்பிக் கிடங்குக்குப் போக எனக்கு முகம் இல்லை.

"புறப்படுறதுக்கு முன்னாடி விமானத்தைச் சுத்திப் பாத்துட்டு வாங்க. யாருக்குக் கண்ணு நல்லாருக்குன்னு பாப்போம்," என்றார் கேப்டன்.

அவர் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தார். எல்லாம் சரி என்று சொல்லியிருந்தால் போதும். அது எங்கள் மூவருக்கும் உறைக்கவில்லை.

"டயர்ல காத்து கம்மியா இருக்கு சார்," என்றாள் கார்டுக்காரி.

"கதவு ஆடுது சார். பெயிண்டும் கறுத்துப் போயிருக்கு," என்றான் கூலிங்கிளாஸ்.

"கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருப்பா," என்றார் மெக்கானிக்.

நான் விடுவேனா? விமானத்தின் வயிற்றுக்குக் கீழே தவழ்ந்து போய்த் தேடினேன். "எண்ணெய் ஒழுகுது சார். ஒரு சொட்டு."

"நான் சொல்ல வாயெடுத்தேன், அண்ணன் முந்திக்கிட்டாரு. ரெண்டு சொட்டு சார்," என்றாள் கார்டுக்காரி.

"மூணு," என்றான் கூலிங்கிளாஸ்.

மெக்கானிக் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "என் காதுல விழுந்துருச்சு. இனி எஞ்சினைப் பிரிச்சுப் பாக்காம விட முடியாது."

"யோவ், அது நேத்து நீ சிந்துன எண்ணெய்யா," என்றார் கேப்டன்.

"இருக்கலாம். பிரிச்சாத்தான் தெரியும்."

கேப்டன் எங்களை வரிசையாகப் பார்த்தார். "நல்லா வருவீங்க," என்றார்.

விமானம் கிளம்பவில்லை. பக்கத்து ஊரிலிருந்து முதலாளி டாக்சி பிடித்துக்கொண்டார். அவரைக் கூட்டிவந்து அவர் காரிலேயே வீட்டுக்குப் போவதாக இருந்த கேப்டன் வண்டியில்லாமல் கொட்டகை வாசலில் நின்றார். சட்டென்று நான் வந்த ஸ்கூட்டரைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"ஏறுங்க சார். நான் விட்டுடறேன்."

கூலிங்கிளாஸுக்கு வயிறு எரிந்தது, கண்ணாடியையே கழற்றிவிட்டான். வழி நெடுக கேப்டன் எனக்கு மட்டும். என் ஆர்வம், என் ஒழுக்கம், என் கண் பார்வை என்று அளந்துகொண்டே போனேன். அவர் தெருவின் இறக்கத்தில்தான் எனக்கு நினைவு வந்தது: ஸ்கூட்டர் அக்கா வீட்டுக்காரருடையது. "பிரேக் பிடிக்காதுடா, காலை ஊனி நிறுத்து," என்று விடியற்காலையில் வண்டியை வாங்கப் போனபோதே அக்கா வாசல் வரை வந்து கத்தியிருந்தாள்.

"சார், கொஞ்சம் காலை ஊனுங்க."

"என்னது?"

"ரெண்டு காலையும் சார்."

நான்கு கால்களும் தரையைத் தேய்த்துக்கொண்டே போய், அவர் வீட்டுக் குப்பைத் தொட்டியில் மோதி நின்றோம். கேப்டன் இறங்கி ஷூவின் அடியைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பிரேக் இல்ல."

"ஆமா சார்."

"உனக்குத் தெரியுமா?"

"அக்கா சொன்னாங்க சார்."

அவர் தலையாட்டினார். தொட்டியை நிமிர்த்தி வைத்தேன். கேட்காமல் போனால் எப்படி என்று, "முதலாளிகிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை..." என்று இழுத்தேன்.

"சொல்றேன். கட்டாயம் சொல்றேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாவி திரும்பிய சத்தம் கேட்டது. பூட்டு சரியாக விழுந்துவிட்டதா என்று உள்ளிருந்தே ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.