குவே கொண்டுவந்த பெட்டி

"செங்கல்லையா வச்சிட்டு வந்தே, அண்ணா?"

"வேற எதை வைக்கறது? பேரை எழுதித்தான் வச்சிருக்கேன். எனக்கு முன்னாடி ஏழு செங்கல் இருக்கு."

"அரிசிக்கு வச்சா சரி. சவப்பெட்டிக்குமா? இந்த வெயில்ல அப்பா எத்தனை நாள் காத்திருப்பார்?"

தியெப் கூப்பனை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வியட்நாமின் நாம் தின் நகரத்தில் அரிசி, மண்ணெண்ணெய், சவப்பெட்டி எல்லாமே அரசுக் கடையில் கூப்பனுக்குத்தான். வரிசையில் ஆள் நிற்க முடியாவிட்டால் செங்கல் நிற்கும்.

உள்ளே மூங்கில் கட்டிலில் அப்பா கிடந்தார். விடிகாலையில் போன உயிர். தங்கை மியென் அவர் முகத்தைத் துடைத்து வெள்ளைத்தாளால் மூடியிருந்தாள். ஈரத்தை உறிஞ்சப் பெட்டியில் பரப்பும் காய்ந்த தேயிலை இரண்டு மூட்டை தயார். பெட்டிதான் இல்லை.

அப்பா இருபது வருடம் அரசின் சந்தைக் கண்காணிப்பில் இருந்தவர். யார் திருட்டுத்தனமாகப் பலகை அறுத்தாலும், பன்றி வெட்டினாலும், முதலில் வந்து நிற்பது அவர் சைக்கிள்தான். போன மாதம், இனி தனியாரும் சிறுதொழில் செய்யலாம் என்று ரேடியோ சொன்னது. அவர் அதை அணைப்பார் என்று மியென் எதிர்பார்த்தாள். அவர் சத்தத்தைக் கூட்டி, கடைசிவரை கேட்டார்.

வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. மேலே புது மரப்பெட்டி. தள்ளி வந்தவர் தச்சர் குவே. அப்பா இரண்டு முறை அவருடைய பலகைகளைப் பறிமுதல் செய்திருக்கிறார். ஒருமுறை மூன்று மாதம் உள்ளேயும் தள்ளினார்.

"பயப்படாதே தியெப். உங்கப்பா எழுந்து வந்து ரசீது கேக்க மாட்டார்."

"இதுல கிண்டல் வேறயா, மாமா?"

"கிண்டல் இல்லப்பா. தட்டிப் பாரு. கடைப் பெட்டின்னா இடுக்குல காகிதத்தை அடைச்சிருப்பான். உங்கப்பா யார்கிட்டயும் ஒரு முட்டைகூட வாங்கித் தின்னதில்ல. அவர் போய் ஒழுகற பெட்டியில படுக்கறதா?"

தியெப் தங்கையின் காதருகே குனிந்தான். "என் ஆபீஸ்காரங்க மூணு பேர் வெளிய நிக்கறாங்க. தனியார்கிட்ட வாங்கலாம்னு எங்களுக்கு இன்னும் சுற்றறிக்கையே வரல. இந்த ஆள்கிட்ட வாங்கினா என் வேலை என்னாகும்?"

"மாமா, விலை சொல்லுங்க," என்றாள் மியென், வாசலில் நின்ற மூவருக்கும் கேட்கும்படி. "சும்மா வாங்கினாத்தான் அப்பாவுக்குப் பிடிக்காது."

குவே சொன்னார். அவள் பேரம் பேசவில்லை. தையல் மிஷினுக்குச் சேர்த்ததை எடுத்துக் கொடுத்தாள். மழைக்காலத்துக்குள் மறுபடி சேர்த்துவிடலாம்; தையல் கடைக்கு எந்தத் தெரு என்றுகூட அவள் முடிவு செய்துவிட்டாள்.

அலுவலகக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மியென் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வண்டிக்குப் போய், பெட்டியின் கால்பக்கத்தில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். பச்சை மரத்தின் வாசனை. நல்ல கனம். குவே ஒதுங்கி நின்று, மூத்த மகனுக்கு இடம் விட்டார்.

"அண்ணா, தலைப்பக்கம் பிடி."