சிவரஞ்சனி சொன்ன ‘வர்றேன்’

டாக்டர் பொன்னுவேல் கட்டிய கம்ப்யூட்டர் ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போடும் என்று அவரே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒன்று போட்டு அதற்குப் பின்னால் பதினைந்து பூஜ்யம். வங்காள விரிகுடாவில் கிளம்பும் புயல் எந்த ஊரில் கரையேறும் என்பதை நான்கு நாள் முன்பே சொல்லிவிடுமாம். காயப்போட்ட துணியை எடுக்கட்டுமா, மழை வருமா என்று ஒருநாள் அம்மா அவரிடம் கேட்டாள். அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு, “வராது” என்றார். வந்தது.

அவர் எங்கள் ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில் பிறந்தவர். பதினாறு வயதில் மலையிறங்கி, சென்னை, அமெரிக்கா, பெங்களூர் என்று சுற்றி, பெங்களூரில் சூப்பர் கம்ப்யூட்டர் செய்கிற கம்பெனியை உண்டாக்கி, அறுபத்திரண்டாம் வயதில் கிளியூர் ரோட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை வாங்கிக்கொண்டு வந்தார். அங்கே சமையல் என் அம்மா கனகா. கூட்டுவது, துடைப்பது, காபி கொண்டுபோய் வைப்பது நான். பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு அதுதான் கிடைத்தது. ஆறு மாதத்தில் நான் அவரிடம் பேசிய மொத்தப் பேச்சு “சரிங்க” என்கிற ஒரே சொல். அவ்வளவு குறைவாகப் பேசினால் நம்மையும் மேசை நாற்காலியோடு சேர்த்துவிடுவார்கள். பிறகு நம் முன்னாலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள்.

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் ஆரம்பித்த கம்பெனிக்குள் பணம் போட்டவர்கள் நுழைந்து, நாற்காலியை அவருக்கும் அதிகாரத்தைத் தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். சொந்தமாக மிஷின் செய்வதெல்லாம் பழைய காலம், வெளியிலிருந்து வாங்கி வாடகைக்கு விடலாம் என்கிறார்கள். அதனால் அவர் ராஜினாமா செய்துவிட்டுப் புதுக் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறார். எங்கே? பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் காபிக் குடோனில்.

சூப்பர் கம்ப்யூட்டர் பயங்கரமாகச் சூடாகுமாம். ஏற்காட்டில் இயற்கையே ஏசி என்பது அவருடைய கண்டுபிடிப்பு. காற்றடித்தால் சில்வர் ஓக் கிளை முறிந்து லைன்மேல் விழும், இரண்டு நாளைக்குக் கரண்டே வராது என்பது எங்களுடைய கண்டுபிடிப்பு. அதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

எல்லாம் தயார். ஒன்றுதான் பாக்கி. புதுக் கம்பெனிக்கு உதவுவதாகச் சொன்னவர்கள், சிவரஞ்சனி வந்தால்தான் நாங்களும் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். சிவரஞ்சனி என்பவர் அவரிடம் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் இன்ஜினியர், சேலத்துக்காரர். மிஷினின் மூளை முழுக்க அந்த அம்மாவின் தலைக்குள்தான் இருக்கிறதாம். அவர் வராமல் இவர் ராஜினாமா செய்தால், பழைய கம்பெனியும் போய், புதுக் கம்பெனியும் இல்லாமல், இவர் கையில் ஒரு காபிக் குடோன்தான் மிஞ்சும். வராண்டாவில் நடந்துகொண்டே போனில் இதைத் தினமும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருந்தார்.

சிவரஞ்சனி மேடம் ஒரு புதன்கிழமை வந்து இரண்டு நாள் தங்கினார். அந்த இரண்டு நாளும் டாக்டர் பேசினார். நான் பதினொரு தடவை காபி கொண்டுபோனேன். பதினொரு தடவையும் அவர் பேசிக்கொண்டிருந்தார். மேடம் காபி குடிக்க மட்டும் வாயைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்தது. மேடம் அம்மாவிடம், “சாப்பாடு நொம்ப நல்லா இருந்துச்சுங்கக்கா” என்றார். கார்க் கதவைத் திறந்தவர், டாக்டர் பக்கம் திரும்பி, “சரி சார், நான் வர்றேன்” என்று சொல்லி ஏறிப் போய்விட்டார்.

டாக்டர் கேட்டருகே அப்படியே நின்றார்.

“கேட்டியா? வர்றேன்னு சொல்லிட்டா.”

சுற்றிலும் பார்த்தேன். விளக்குமாற்றோடு நான்தான் இருந்தேன். “சரிங்க” என்றேன்.

மத்தியானத்துக்குள் பெங்களூரில் பாதிப் பேருக்கு போன் போய்விட்டது. சனிக்கிழமை பெயின்டர் மாதையன் வந்து பலகை எழுதினார். ‘சேர்வராயன் சூப்பர் கம்ப்யூட்டிங்’. இத்தனை வருஷமாக விடுதிகளுக்கே பலகை எழுதிப் பழகிய கை, ஓரத்தில் ஒரு காபிக் கொத்தும் இரண்டு ஆரஞ்சுப் பழமும் தானாகப் போட்டுவிட்டது.

“இது எதுக்கு?” என்றார் டாக்டர்.

“அம்சமா இருக்குமுங்க. அது இல்லீன்னா யாரும் உள்ள வரமாட்டாங்க.”

மாதையன் சொன்னது உண்மை. பலகையை மாட்டிய அன்று சாயங்காலமே சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வேனில் வந்து, சுடுதண்ணி உண்டா, கேம்ப்ஃபயர் உண்டா என்று கேட்டது. சூப்பர் கம்ப்யூட்டிங்குக்கு வந்த முதல் விசாரணை அதுதான்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம் கேட்டேன். “அந்தம்மா கெளம்பறேங்கறதுக்குத்தான வர்றேன்னு சொன்னாங்க?”

“பின்ன?”

“இவரு வேலைக்கு வர்றேன்னு சொன்னதா நெனச்சுட்டாரு.”

அம்மா நடுரோட்டில் நின்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “படிச்சவங்க பேச்சுல வேற அர்த்தமும் இருக்கும் கண்ணு. நமக்கெதுக்கு” என்றாள்.

“நீ சொல்லேன்மா.”

“நானா? சாம்பாருக்கு உப்பு போதுமான்னு கேக்கவே நான் ரோசன பண்றவ. நீதான கேட்ட, நீயே சொல்லு.”

நானாவது, சொல்வதாவது. நான்கு நாள் சொல்லாமல் இருந்தேன். அது எனக்குக் கஷ்டமான வேலையே இல்லை.

புதன்கிழமை அவர் ராஜினாமாக் கடிதத்தை எழுதி மூன்று தடவை சத்தமாகப் படித்தார். போனில், “ஆறு மணிக்கு அனுப்பிடறேன், அப்புறம் என்னை யாரும் தடுக்க முடியாது” என்றார். கேட்டுக்கொண்டே தரையைத் துடைத்தேன். ஐந்தே முக்காலுக்கு அம்மா வழக்கம்போல அடுப்படியிலிருந்தே, “வர்றோமுங்க” என்று குரல் கொடுத்தாள். அவரும் வழக்கம்போலத் திரும்பாமல் கையை மட்டும் தூக்கினார். ஆறு மாதமாகத் தினம் ஐந்தே முக்காலுக்கு அந்தச் சொல் அவர் காதில் விழுகிறது. ஒரு நொடியில் பதினைந்து பூஜ்யம் போடுகிறவர்.

நான் செருப்பை மாட்டப் போனவள், திரும்பி அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை.

“சார், நான் வர்றேனுங்க.”

அவர் தலையைத் தூக்கினார். நாற்காலி பேசியது போல இருந்திருக்கும். “எங்கே?”

“ஊட்டுக்குங்க.”

“வீட்டுக்குப் போறேன்னு சொல்லு.”

“போறேன்னு சொல்லக் கூடாதுங்க. திரும்பி வராதவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க. மத்தவங்க எல்லாம் கெளம்பறப்ப வர்றேன்னுதானுங்க சொல்றது.” மிச்சத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னேன். “சிவரஞ்சனி மேடமும் காருல ஏர்றப்பத்தானுங்க சொன்னாங்க.”

இந்தக் கணக்குக்கு அவருக்கு ஒரு முழு நிமிஷம் ஆனது. பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தார்.

“சிவரஞ்சனி, அன்னைக்குக் கிளம்பும்போது வர்றேன்னு சொன்னியே...”

“ஆமா சார்.”

“அது என்ன அர்த்தத்துல சொன்ன?”

“கெளம்பறேங்கற அர்த்தத்துலதான் சார். வேற என்ன?” பிறகு மேடத்துக்கே புரிந்துவிட்டது. “ஐயோ சார். அதான் எல்லாரும் போன் பண்ணி எனக்கு வாழ்த்துச் சொல்றாங்களா?”

“அப்ப நீ வரலையா?”

“நீங்க என்னை வர்றியான்னு கேக்கவே இல்லீங்களே சார். ரெண்டு நாளும் நான் வந்துட்ட மாதிரியே பேசிட்டு இருந்தீங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “சரி. இப்பக் கேக்கறேன். வர்றியா?”

“யோசிச்சுச் சொல்றேன் சார்.”

போனை வைத்தவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “யோசிக்கிறாளாம்” என்றார். நான் கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தேன். இன்றைக்குத்தான் ஆரம்பித்தோம், பாதியில் விடுவானேன் என்று அம்மாவுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

“ஏனுங்க, அப்படின்னா வேண்டாம்னு அர்த்தமுங்க” என்றாள். “பொண்ணு பாத்துட்டுப் போறவங்க எல்லாம் அப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க.”

“தமிழ்ல வேண்டாம்னு சொல்ல வேண்டாம்கற வார்த்தையே கிடையாதா?”

“இருக்குதுங்க. பந்தியில ரெண்டாந்தடவ சோறு போட வர்றப்பச் சொல்லுவோம்.”

ஆறு மணி ஆனது. கடிதம் போகவில்லை.

அடுத்த நான்கு நாள் போன் மேசைமேலேயே கிடந்தது. வராண்டா நடை இல்லை. பலகையைப் பார்த்து ஒரு ஜோடி ரூம் கேட்டு வந்தபோது அவரே வெளியே போய், “ரூம் இல்லீங்க” என்றார். சனிக்கிழமை அடுப்படி வாசலில் வந்து நின்று அம்மாவிடம், “மழை வருமா?” என்றார்.

“வருமுங்க.”

துணியை அவரே எடுத்து வந்தார். எனக்குக்கூடக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் சிவரஞ்சனி வரமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ் தெரிந்தவள் ஆயிற்றே நான்.

திங்கட்கிழமை காலை போன் அடித்தது. சிவரஞ்சனி மேடம்.

அந்த அம்மா யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்தச் சொல்லுக்கு அப்படியும் ஓர் அர்த்தம் இருப்பது எனக்கும் அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மிஷினை மலைமேல் வைக்க முடியாது, கரண்டு ஒழுங்காக இருக்கும் சேலத்தில்தான் வைக்க வேண்டும், குடோனில் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்றார். கம்பெனிக்குத் தலைவர் தான்தான், டாக்டர் இரண்டாவது என்றார். அப்புறம், மற்றவர்கள் பேசும்போது சார் குறுக்கே பேசக் கூடாது, அதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார்.

நாட்டுக்கே பெரிய மிஷின் கட்டியவர், தான் ஆரம்பிக்கும் கம்பெனியில் தானே இரண்டாம் ஆள். அவர் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப நேரம் பார்த்தார். காபித் தட்டோடு நான் பக்கத்திலேயே நின்றேன்.

“சரிங்க” என்றார் போனில்.

அது என் சொல்.

ராஜினாமாவை மெயிலில் அனுப்பாமல் நேரிலேயே கொடுக்கிறேன் என்று மறுநாள் காலை பெங்களூருக்குக் கிளம்பினார். அம்மா கேட் வரை வந்தாள். அவர் காரில் ஏறப்போய், நின்று, “வர்றேனுங்க” என்றார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

“வாங்க” என்றாள் அம்மா.

கார் நகர்ந்து இரண்டடி போய் நின்றது. கண்ணாடி இறங்கியது. அவர் என்னைக் கூப்பிட்டார்.

“மலர், அங்கே எல்லார்கிட்டயும் என்ன சொல்லிட்டுக் கிளம்பறது?”

நான் கொஞ்சம் யோசித்தேன்.

“அங்க மட்டும் போறேன்னே சொல்லிருங்க.”