வெண்ணெய் இல்லாமல் ஓடிய பிரஸ்

தொண்ணூற்றேழில், பூனாவை அடுத்த தளேகாவ் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு பம்ப் தொழிற்சாலைக்கு ரஷ்யாவிலிருந்து பெரிய பிரஸ் இயந்திரம் வந்திறங்கியது. அதை ஓட்டிக் காட்ட வரப்போகும் இன்ஜினியருக்கு ரஷ்யன் தவிர வேறு மொழி தெரியாது. மேனேஜர் பட்டாபிராமன், பராமரிப்புப் பிரிவு ஜம்புவைக் கூப்பிட்டார்.

"ஒரு மாசத்துல ரஷ்யன் கத்துக்கோய்யா."

"ஒரு மாசத்துலயா சார்?"

"நான் பூனாவுக்கு வந்த ஒரே மாசத்துல மராட்டி பேசலையா?"

அவருடைய மராட்டி ரிக்‌ஷாவை நிறுத்தப் போதும். போக வேண்டிய இடத்தைச் சொல்லப் போதாது.

பூனா கட்கியில் பிலிஸ் டீச்சர் வீட்டில் ரஷ்யன் வகுப்பு. வேற்றுமை என்றால் டீச்சருக்கு உயிர். "மாஸ்லோன்னா வெண்ணெய். இந்த ஒரு வார்த்தைய ஆறு வேற்றுமையிலயும் சொல்லிட்டீங்கன்னா பாதி ரஷ்யன் வந்துரும், ஜம்பு" என்றார். வெண்ணெயோடு ரொட்டி, 'ஸ் மாஸ்லம்'. வெண்ணெய் இல்லாமல் ரொட்டி, 'பெஸ் மாஸ்லா'. மாதம் முடிந்தபோது வெண்ணெய்க்கு நேரக்கூடிய அத்தனையையும் ஜம்பு ரஷ்யனில் சொன்னார். மீதிப் பாதிக்கு நேரமில்லை.

இன்ஜினியர் விக்டர் வருவதற்கு முதல் நாள், சேர்மன் முன்னால் பட்டாபிராமன் தேங்காய் உடைத்து, தானே பிரஸ்ஸை ஓட்டினார். அது கிறீச்சிட்டு நின்றுவிட்டது. மறுநாள் விக்டர் அதைத் திறந்து பார்த்து, முகம் சிவந்து, விடாமல் பேசினார்.

"என்னய்யா சொல்றார்?"

ஜம்பு காதைத் தீட்டிக் கேட்டார். காதில் சிக்கியது ஒன்றுதான். "வெண்ணெய் இல்லாமன்னு சொல்றார் சார். மூணு தடவை சொல்லிட்டார்."

"அடப்பாவமே, இன்னும் நாஷ்டா பண்ணல போல!"

கேன்டீனிலிருந்து வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வந்தது. விக்டர் தட்டைப் பார்த்தார், ஜம்புவைப் பார்த்தார். "பெஸ் மாஸ்லா!" என்று கத்தினார். மஸ்காவை இன்னும் தாராளமாகத் தடவி வேறொன்று கொண்டுவரச் சொன்னார் பட்டாபிராமன். விக்டர் ஜம்புவின் கையைப் பிடித்து இயந்திரத்தின் பின்னால் இழுத்துப்போய், டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே விரல் விட்டுக் காட்டினார். விரலில் ஒரு பொட்டு ஈரமில்லை.

வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் ரஷ்யர்கள் ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள் என்பது ஜம்புவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"சார், அவர் சொல்றது எண்ணெய். நேத்து எண்ணெய் ஊத்தாமயே ஓட்டியிருக்கோம். பேரிங் போச்சு."

பட்டாபிராமன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மாசம் படிச்சவன் நீ. உனக்கு நிச்சயமாத் தெரியுமா? வெண்ணெய்னே இருக்கட்டும்."

"எப்படி சார்? வேற்றுமைகூட சரியா இருக்கு."

"என் டிபார்ட்மென்ட்ல வேற்றுமையே கிடையாது."

விருந்தினரின் உணவுச் சிக்கலால் தாமதம் என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. மொழிபெயர்ப்பாளராகக் கையெழுத்துப் போட ஜம்பு மறுத்தார். அதே பிரிவில் இருந்த, ரஷ்யனில் வணக்கம்கூடத் தெரியாத அனிருத் போட்டான். அடுத்த மாதமே அவனைப் பயிற்சிக்கு மாஸ்கோ அனுப்பினார்கள்.

புது பேரிங் கப்பலில் வரும்வரை ஜம்புவும் விக்டரும் கைகளெல்லாம் கிரீஸாக இயந்திரத்தடியில் கிடந்தார்கள். ஸ்பானர், போல்ட், வாஷர் என்று ஒவ்வொன்றையும் விக்டர் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்ல, ஜம்பு ஆறு வேற்றுமையிலும் திருப்பிச் சொன்னார். பிரஸ் ஓடத் தொடங்கிய நாளில், எந்த போல்ட்டை முதலில் முறுக்குவது என்று இருவரும் ரஷ்யனில் முழு வாக்கியங்களாகச் சண்டை போட்டார்கள். விக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.