பெஞ்சு காய்கிறவரை

தோட்டத்தில் ஒரு பெஞ்சு போடுவது சாமானிய வேலை என்று நினைப்பவர்கள், அரசாங்கத்துக் கட்டடத் துறையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டாதவர்கள். ஓய்வுபெற்ற பொறியாளர் கொட்டியவர். கட்டடம் சாய்ந்தாலும் படிவம் சாயக் கூடாது என்பது அவர் கொள்கை. கீழே வேலை பார்த்தவர்கள் முகத்துக்கு நேரே 'ஐயா' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'அடிஸ்கேல்'.

அடிஸ்கேலின் மனைவிக்கு நுரையீரலில் நோய். மருத்துவர் கையை விரித்துவிட்டார். "ஒரு மாசம், மிஞ்சினா ஒன்றரை. வீட்டுலயே வச்சுப் பிடிச்சதைச் செஞ்சு கொடுங்க."

அவளுக்குப் பிடித்தது பெரிதாக ஒன்றுமில்லை. பின்பக்கத் திராட்சைப் பந்தலின் நிழலில், காலை நேரத்தில், சும்மா சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போடுங்க, போதும்."

"பிளாஸ்டிக்கா? முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"இந்த முதுகை வச்சுக்கிட்டு இனிமே நான் மூட்டையா தூக்கப் போறேன்?"

பொறியாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆய்வில் இறங்கினார். இரும்பு வெயிலில் சுடும். பிரம்பு பனியில் இற்றுப்போகும். சிமெண்டில் உட்கார்ந்தால் எழுப்பக் கிரேன் வேண்டும். நான்கு நாள் யோசனைக்குப் பிறகு தேக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. ஒருவர் அமர்ந்தால் போதாது, இருவர் அமர வேண்டும் என்று துணைத் தீர்மானமும் நிறைவேறியது.

தச்சர் ஒன்பது நாளில் கொண்டுவந்தார். பொறியாளர் கோணமானியை வைத்துப் பார்த்தார். சாய்மானத்தில் இரண்டு டிகிரி குறை.

"சார், இது உட்கார்றதுக்கா, பரீட்சை எழுதுறதுக்கா?"

"சரி பண்ணிக் கொண்டாப்பா."

சரி பண்ண ஐந்து நாள். அப்புறம் எண்ணெய்ப் பூச்சு. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய இரண்டு நாள்.

"ஒரு போர்வையை விரிச்சு அம்மாவை உட்கார வச்சிடலாமேப்பா?" என்றாள் மகள்.

"எண்ணெய் ஒட்டிக்கும்மா."

அவருடைய துறையில் ஒரு விதி உண்டு. கையில் வேலை பாக்கி இருக்கிறவரை யாரையும் பணியிலிருந்து விடுவிக்க மாட்டார்கள். ஒரு சாக்கடை மூடிக்காக அவரையே நான்கு மாதம் பிடித்து வைத்திருந்தார்கள். மனைவிக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம். மூன்றாம் பூச்சு காய்ந்த அன்று ஜன்னல் வழியே கூப்பிட்டாள்.

"என்னங்க, பெஞ்சு முடியாம என்னை அனுப்ப மாட்டீங்க போலிருக்கே?"

அவர் திரும்பவில்லை. தூரிகையை எடுத்து நான்காம் பூச்சை ஆரம்பித்தார்.

அது காய்கிற இரண்டு நாளும் கை சும்மா இருக்குமா? தோட்டக் குறிப்பேட்டைப் புரட்டினார். திராட்சைக்குக் கவாத்து வெட்ட வேண்டிய மாதம் அதுதான். குறிப்பேட்டில் இருந்தால் செய்ய வேண்டியதுதான். பூச்சு காய்ந்த அன்று விடியும்போதே ஏணி போட்டு ஏறி, கிளைக்கு இரண்டு கணு விட்டு மிச்சத்தை வெட்டித் தள்ளினார். இவ்வளவு ஒழுங்கான கவாத்தை அந்தப் பந்தல் கண்டதில்லை. எட்டரை மணிக்குக் கீழே இறங்கினார். பந்தலின் நிழல் மொத்தமும் தரையில் குவியலாகக் கிடந்தது.

சக்கர நாற்காலியில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு வந்த மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கவாத்தும்மா. இப்ப வெட்டினாத்தான்..." நிமிர்ந்து பார்த்தார். மேலே குச்சிகளும் வானமும்தான் இருந்தன.

"திரும்ப நிழல் வர எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம்."

கழித்தல் கணக்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வெட்டினது வெட்டியாச்சு. என்னை உட்கார வைங்க முதல்ல" என்றாள் மனைவி.

வைத்தார்கள். சாய்மானம் அவள் முதுகுக்கு அச்சாகப் பொருந்தியது. வெயில் நேரே முகத்தில் அடித்தது, கண்ணை இடுக்கினாள். பொறியாளர் போய் அவளுக்கு எதிரே, கிழக்கை மறைத்து நின்றார். ஆள் நல்ல உயரம். அவர் நிழல் அவள் முகத்திலிருந்து மடிவரை விழுந்தது.

"பக்கத்துல வந்து உட்காருங்களேன். ரெண்டு பேருக்குத்தானே செஞ்சீங்க?"

"நான் உட்கார்ந்தா உனக்கு வெயில் அடிக்கும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. அது அடங்கினதும் மேலே பார்த்தாள். "அடுத்த வருஷம் நல்லா காய்க்குமா?"

"காய்க்கும்."

"அப்ப சரியாத்தான் வெட்டியிருக்கீங்க."

வெயில் ஏற ஏற நிழல் குட்டையானது. அவர் அடி அடியாக நெருங்கினார். கடைசியில் அவர் முழங்கால் அவள் முழங்காலில் இடித்தது. அவள் கண் மூடிவிட்டிருந்தாள். பக்கத்து இடம் வெறுமையாக, எண்ணெய்ப் பளபளப்போடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"போதும்ப்பா, உள்ள கூட்டிட்டுப் போயிடலாம்" என்றாள் மகள். "உங்களுக்கும் கால் நடுங்குது."

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றார் அவர். "நல்லா தூங்குறா."