பேசக்கூடாத வாரம்

கணினித் திரையில் சாம்பல் நிறத்தில் இரண்டு பட்டைகள் தெரிந்தன. அதுதான் தன் குரல் என்றபோது சித்ராதேவிக்கு நம்பிக்கை வரவில்லை. மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் அவள். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பெண்ணை வளர்த்தவள். அவ்வளவு கத்தலும் விரல் நகம் அகலத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

“காதுக்குக் கேக்காத சத்தத்த உள்ள அனுப்பி எடுத்த படமுங்க,” என்றார் டாக்டர் இந்துமதி. முந்தின நாள், குரல்நாணில் இருந்த கட்டியை எடுக்க மயக்க மருந்து கொடுத்திருந்தபோது, அவள் தொண்டைக்குள் தீக்குச்சி கனத்தில் ஒரு கருவியை விட்டுப் பார்த்திருந்தார்கள். மனிதக் குரல்நாணை அடுக்கு அடுக்காகப் படமெடுக்கும் ஆராய்ச்சி அவருடையது. வயிற்றுக்குப் பார்க்கும் ஸ்கேனைவிடப் பல மடங்கு நுணுக்கம்.

“மேல தோலு, அதுக்குக் கீழ மெத்தையாட்ட ஒரு அடுக்கு, அடியில சதை. கட்டி மேலாப்புலதான் இருந்துச்சு, எடுத்தாச்சு. ஆனா ஒரு வாரம் ஒரு சொல்லுகூடப் பேசக்கூடாதுங்க. குசுகுசுன்னும் பேசக்கூடாது. மெத்தையில தழும்பு உழுந்துட்டா குரல் பழையபடி வராதுங்க.”

‘சரீங்க’ என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. மகள் ஜெயசுதா அவள் கையைக் கிள்ளி நிறுத்தினாள். கொங்கு நாட்டில் பிறந்தவளைப் பட்டினி கிடக்கச் சொல்லலாம். கேட்டதற்கு ஒரு ‘ங்க’ போடாமல் இருக்கச் சொன்னால் எப்படி?

ஆனாலும் இருந்தாள். குரல் போனால் சூப்பர்வைசர் வேலை போகும் என்ற பயம் வாயைக் கட்டிவைத்தது. வாரம் முடியப்போகும் சமயத்தில், ஜெயசுதா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், வாசலில் ஆத்தப்பனும் அவர் மனைவி குழந்தையம்மாளும் வந்து நின்றார்கள். ஜெயசுதாவைத் தங்கள் மகனுக்குப் பார்த்துவிட்டு, இன்னும் முடிவு சொல்லாமல் இருந்தவர்கள்.

சித்ராதேவி கேட்டை அகலத் திறந்தாள். கும்பிட்டாள். உள்ளே நாற்காலியைக் காட்டினாள், தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அவர்கள் சிரித்தபடி நின்றார்களே தவிர, ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. குழந்தையம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்தார். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள். வாங்க என்று சொல்லாத வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள்?

“வாங்க,” என்றாள் சித்ராதேவி. தகரத்தை இழுத்தது போல வந்தது. ஒருமுறை மட்டும் சொன்னால் ஒப்புக்குக் கூப்பிட்டதாகிவிடும் என்று, “வாங்க” என்று மறுபடியும் சொன்னாள். தொண்டைக்குள் எங்கோ சுருக்கென்றது.

இருவரும் உடனே உள்ளே வந்தார்கள்.

“நீங்க எதுக்குங்க பேசறீங்க?” குழந்தையம்மாள் பதறினாள். “பேசக்கூடாதுன்னு ஜெயசுதா எங்க பையங்கிட்டச் சொல்லுச்சுங்களே. அதக் கேட்டுத்தான் உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க.”

“தெரியுந்தானுங்க,” என்றார் ஆத்தப்பன். “ஆனாலும் கூப்புடாம எப்புடிங்க காலெடுத்து வெக்கறது? அதான் நின்னுட்டமுங்க.”

சித்ராதேவிக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். எச்சிலை விழுங்கிப் பார்த்தாள், வலித்தது. உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஆத்தப்பன் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, “இப்பத் தேவலைங்களா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.