இரண்டு ஃபிளிப்பரும் சேர்ந்து அடித்தால்

ஒரு ஃபிளிப்பரை அடித்தால் ஆட்டம் நடந்தது. இரண்டையும் சேர்த்து அடித்தால் விளக்கெல்லாம் அணைந்து, எண்கள் பூஜ்யமாகி, இயந்திரம் அப்போதுதான் பிறந்ததுபோல ஒரு மெட்டு வாசித்தது. அதுவும் சாயங்காலத்தில் மட்டும். மத்தியானம் எத்தனை அடித்தாலும் தாங்கியது.

கோலார் தங்கவயலின் ஊரிகம் கிளப்பில் சுரங்கக் கம்பெனி காலத்திலிருந்து நிற்கும் அந்தப் பின்பால் பந்தாட்ட இயந்திரத்தின் முன்னால் ஐடா மல்டிமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பெங்களூரில் மின்னணுக் கருவிகள் பழுது பார்ப்பவள். ஞாயிறு மட்டும்தான் ரயில் ஏறாத நாள். இன்று சாயங்காலம் ஒரு முழு ஆட்டம் ஓடிக் காட்டாவிட்டால் கிளப் செயலாளர் லாய்ட் அதைப் பெங்களூர் பார் ஒன்றுக்கு அனுப்பிவிடுவார். வண்டி வாசலிலேயே நின்றது. பார்க்காரன் குடலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணாடிமேல் பீர் கிளாஸ் வைப்பான். அவன் ரசனை அவ்வளவுதான்.

"இன்னாமா, இன்னும் ஆவலையா?" லாய்ட் வந்து பெட்டியை ஓங்கித் தட்டினார்.

"அது இன்னா மாடா அங்கிள், தட்டி ஓட்டுறதுக்கு?"

"எங்கப்பா ரேடியோவை இப்டித்தான் ரிப்பேர் பண்ணுவாரு."

"அந்த ரேடியோ இப்ப எங்க கீது?"

லாய்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஃபிளிப்பர் என்பது பந்தை அடிக்கும் சின்னக் கை. அதை இழுப்பது ஒரு கம்பிச் சுருள். இரண்டு சுருளும் ஒரே நொடியில் இழுத்தால் பெட்டிக்குள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கணம் திணறும். இயந்திரத்தின் மூளைக்கு ஐந்து வோல்ட் வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். வழக்கமாகக் குற்றவாளி, காய்ந்துபோன கெப்பாசிட்டர். ஐடா அதை மாற்றியிருந்தாள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரையும் மாற்றியாயிற்று. விரிசல் விட்ட பின்களுக்குப் புதிதாக ஈயம் வைத்தாயிற்று. எல்லாம் சுத்தம். சாயங்காலமானால் மறுபடி பூஜ்யம்.

"ஒருவேளை கரண்டு..." என்று அவளே ஆரம்பித்தாள்.

"கரண்டா? கேஜிஎஃப் கரண்டும்மா இது! பெங்களூருக்கே நமக்கப்புறம்தான் லைட்டு."

அவளும் இதைக் கேட்டே வளர்ந்தவள். தலையாட்டிவிட்டுக் குனிந்தாள்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. லாய்ட் மேலே மெதுவாகச் சுற்றிய ஃபேனைப் பார்த்து முனகினார். "இந்த ஃபேன் வேற. பொழுது சாஞ்சா சோம்பேறி ஆயிடுது. க்ரீஸ் போட்டும் பிரயோஜனம் இல்ல."

"க்ரீஸுக்கு மணி பாக்கத் தெரியுமா அங்கிள்? பகல்ல நல்லா சுத்துதாம், சாயங்காலம்..."

கிண்டல் பாதியில் நின்றது. ஃபேனுக்கும் சாயங்காலம் தெரிகிறது. இயந்திரத்துக்கும் தெரிகிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

எழுந்து மீட்டரின் முனைகளைச் சுவர் சாக்கெட்டில் வைத்தாள். 204 வோல்ட்; இருக்க வேண்டியது 230.

"மீட்டர் கெட்டுப்போச்சு," என்றார் லாய்ட் உடனே.

ஐடா சிரித்தாள். இந்த ஊரில் ஃபிரிட்ஜ் இருக்கும் வீடெல்லாம் ஸ்டெபிலைசரும் இருக்கிறது; வாயைத் திறந்தால் மட்டும் நம்ம கரண்டு. அவளும் அதே லட்சணம்தான். பெட்டிக்குள் அங்குலம் அங்குலமாக அளந்தவள், சுவரை மட்டும் பெருமைக்கு விட்டுவைத்திருந்தாள்.

இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்ஃபார்மர் மேல் டார்ச் அடித்தாள். மின்சாரம் நுழையும் பக்கத்தில் மூன்று முனைகள்: 208, 220, 240. கம்பி 240-இல் இருந்தது. கரண்டு நிமிர்ந்து நின்ற கம்பெனி காலத்தில் எவரோ அங்கே வைத்துவிட்டுப் போனது. டிரான்ஸ்ஃபார்மர் தானாக எதையும் கூட்டாது. 240-ஐ எதிர்பார்க்கும் இடத்தில் 204 கொடுத்தால் வெளியே வருவதும் அதே அளவு குறையும். பகலில் கரண்டு கொஞ்சம் கூடுதலாக வந்து ஓரளவு ஈடுகட்டியது. ஊர் முழுக்க லைட்டும் மோட்டாரும் போடும் நேரத்தில், மூளையின் ஐந்து வோல்ட்டைக் கீழே தள்ளிவிட இரண்டு ஃபிளிப்பர்கள் போதும்.

208-இல் வைத்தால் பகலில் சுருள்கள் சுடும். அதனால் நடு முனைக்கு மாற்றிப் பற்றவைத்து, பிளக்கைச் செருகினாள்.

"அடிங்க அங்கிள், ரெண்டையும்."

லாய்ட் அடித்தார். எண்கள் ஏறின. பூஜ்யம் வரவில்லை. கடைசிப் பந்து குழியில் விழும்வரை அடித்துவிட்டு, வாசலுக்குப் போய் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

240 முனையிலிருந்த கம்பியை 220 முனைக்கு மாற்றினால் போதும். இரண்டு ஃபிளிப்பரையும் சேர்த்தே அடிக்கலாம், சாயங்காலத்திலும்.