ஆறு இயந்திரம், முப்பது நாள்

1

“இதுல எது நடந்தது, எது நீயா எழுதினது?”

அண்ணி ஒருமுறை என்னிடம் கேட்ட கேள்வி இது. அண்ணன் வீட்டில்தான் நான் இருக்கிறேன். துணி அலமாரிக்குப் பின்னால் செருகி வைத்திருந்த நோட்டை, வேறு எதையோ தேடும்போது அண்ணி எடுத்துவிட்டாள். அதில் அண்ணி இரண்டு கதைகளில் இறந்துபோகிறாள். ஒன்றில் காய்ச்சல். இன்னொன்றில் பேருந்து.

“ஒரு தடவை சாகடிச்சா போதாதா? பஸ்ல வேற ஏத்திவிட்டிருக்க.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அந்தப் பச்சைக் குடை மட்டும் என்னோடது. மத்ததெல்லாம் புளுகு,” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். கோபப்படவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது மட்டும், “செத்தவ கையால சாப்பிடுறியா, இல்ல நீயே போட்டுக்கிறியா?” என்றாள்.

இந்தக் கதை அங்கிருந்து வந்தது என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி: வரும் செவ்வாய்க்கிழமை அதே கேள்வியை ஒரு வக்கீல் கேட்கக்கூடும். அவர் அண்ணியைப் போல விட்டுவிட மாட்டார்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

‘மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஊசிகள் மழைபோல’ — இல்லை. ஊசி மழைபோல விழாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும், அழுக்குத் துணியோடு.

‘ஒரே ஒரு பொத்தானை அழுத்தி நான் ஒரு பொய்யை’ — இது நடந்தது. ஆனால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறவர்களை எல்லோரும் சுலபமாக மன்னித்துவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள இரண்டு வருடம் நான்கு மாதம் [சரிபார்க்க] எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது தொடக்கம் வேலையைப் பற்றியது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில், இரண்டு அறை. அதுதான் அலுவலகம். சார் காப்புரிமை வக்கீல். யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது என்ன, எதில் புதிது என்று எழுதி அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கே ஓர் ஆய்வாளர், இதைப் போல ஏற்கெனவே இருக்கிறதே என்பார். இல்லை என்று சார் பதில் எழுதுவார். சார் சொன்னது எடுபட்டால், அந்தப் பொருளை இருபது வருடத்துக்கு வேறு யாரும் அனுமதியில்லாமல் செய்யக் கூடாது. செய்தால் வழக்கு. வழக்கையும் சாரே நடத்துவார்.

என் வேலை தட்டச்சு, ஸ்கேன், கோப்பு. பள்ளியை ஒன்பதாம் வகுப்பில் விட்டேன். [காரணம்: தேவைப்பட்டால் சேர்க்கவும்.] வேலைக்கு எடுத்தபோது சார் இரண்டே கேள்விகள் கேட்டார். “வேகமா டைப் பண்ணுவியா?” “இங்க கேக்கறத வெளிய போய்ப் பேசுவியா?” முதலாவதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டினேன், இரண்டாவதற்கு இடமும் வலமும். “இப்படி ஒரு ஆளத்தான் தேடிட்டு இருந்தேன்,” என்றார்.

எழுதுவியா என்று அவர் கேட்கவில்லை.

3

இப்போது அக்காவைக் கொண்டுவர வேண்டும். இந்தப் பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அக்காவின் மேல் அல்ல, நான் எழுதிய அக்காவின் மேல்.

நிச்சயமாகத் தெரிந்தவை மட்டும் இங்கே. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவள். ‘ஸ்பேனர்’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். எனக்குச் சொந்தமில்லை, நான்தான் அக்கா என்கிறேன். வலது கட்டைவிரல் நகம் பாதிதான் இருக்கும். படுக்கை விரிப்புகளுக்குள் சில சமயம் ஊசி தங்கிவிடுகிறது. துவைக்கும்போது அது கழன்று, தண்ணீர் வெளியேறும் வாயில் பஞ்சோடு சிக்கிக்கொள்கிறது. அடைப்பை எடுக்கக் கையை உள்ளே விட வேண்டும். குத்தினால் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு முடிவு வரும்வரையும் தூக்கமில்லை. அக்காவோடு வேலை செய்த ஒருத்திக்கு மூன்று தடவை குத்தியிருக்கிறது. [அக்கா சொன்னது.]

அக்கா சாய்வான கம்பிவலைக் கூடை ஒன்றைச் செய்தாள். வெளியே இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் கூடை கவிழ்ந்து, சிக்கியதை ஒரு டப்பாவில் கொட்டிவிடும். கையை விடவே தேவையில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு சாரிடம் வந்தாள். சார் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கேட்டார்.

“எத்தனை மெஷின்ல போட்டுப் பாத்தீங்க?”

“ஒன்னுல சார். நாலாம் நம்பர். அது பழசு, யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

“எத்தனை நாள்?”

“ஒம்பது. பத்தாம் நாள் சூப்பர்வைசர் பாத்துட்டு கழட்டச் சொல்லிட்டான்.”

“எத்தனை ஊசி மாட்டுச்சு?”

“மூணு. தப்பிச்சது எத்தனைன்னு கேக்காதீங்க. தப்பிச்சத யாரு எண்ணுவா?”

சார் சிரித்தார். அன்று மதியமே இதை அப்படியே என் நோட்டில் எழுதினேன், தேதி போட்டு. அலுவலகத்தில் கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாதுதான். கொண்டுபோனேன். ஒலிப்பதிவு தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிட்டது. நோட்டு இருக்கிறது.

அதற்கு அடுத்த பக்கத்தில் அக்காவுக்கு ஒரு கணவனைக் கொடுத்தேன். கப்பலில் வேலை, போனவன் திரும்பவில்லை. அதற்கும் தேதி போட்டிருக்கிறேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது.

4

அந்த வருடம்தான் சார் புது மென்பொருள் வாங்கினார். ஒலிப்பதிவையும் படங்களையும் கொடுத்தால் விண்ணப்பத்தை அதுவே எழுதிவிடும். மூன்று வார வேலை [சார் சொன்னது, நான் பார்த்தவரை இரண்டு] இருபது நிமிடத்தில் முடிந்தது. தனக்குத் தெரியாத இடத்தில் அடைப்புக்குறி போட்டுக் காலியாக விட்டுவிடும். அந்த அடைப்புக்குறிகளைத் தேடிப்பிடிப்பது என் வேலை. ஒன்று மிச்சமிருந்தாலும் அரசாங்க அலுவலகம் திருப்பி அனுப்பிவிடும்.

அக்காவின் கூடை மறுநாள் காலை ஒரு கண்காட்சியில் வைக்கப்படவிருந்தது. அதற்கு முன் விண்ணப்பம் போயாக வேண்டும். ஊரே பார்த்த பிறகு அது புதிது என்று சொல்ல முடியாது. சார் ரயிலில் இருந்தார்.

ஒரு இயந்திரம், ஒன்பது நாள் என்ற வரிக்குக் கீழே இது மட்டும் மிச்சமிருந்தது: [கூடுதல் சோதனை முடிவுகளைச் சேர்க்கவும்].

அக்காவின் எண் மேசைமேல் ஒட்டியிருந்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ‘வேற சோதனை எதுவும் இல்லம்மா’ என்றிருப்பாள், அந்த வரியையே எடுத்திருப்பேன். ஆனால் போனில் பேசுவதென்றால் எனக்குப் பயம். திரையில், அடைப்புக்குறிக்குப் பக்கத்திலேயே, ‘நிரப்பு’ என்று ஒரு பொத்தான் இருந்தது.

அழுத்தினேன்.

‘ஆறு இயந்திரங்களில் முப்பது நாட்கள் சோதிக்கப்பட்டது. அறுபத்திரண்டு ஊசிகள் பிடிபட்டன. ஒன்றும் தப்பவில்லை.’

நான் அதை ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுபது என்று போடாமல் அறுபத்திரண்டு என்று போட்டிருந்தது. கதையில் நானும் அப்படித்தான் செய்வேன். சில்லறை எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சார் ரயிலிலிருந்து கூப்பிட்டார். “பிராக்கெட் ஒன்னும் இல்லையே?”

“இல்ல சார்.”

(இந்தக் கதையில் அடைப்புக்குறிகளை நீக்காமல் விடுவது அதனால்தான். அழகுக்காக என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

சார் அதைத் தன் போனில் மேலோட்டமாகப் பார்த்தார். அக்கா கொடுத்த விவரம் என்று நினைத்தார். அக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். சாரே எழுதியது என்று நினைத்தாள்.

5

ஆய்வாளர்களிடமும் இப்போது தேடும் மென்பொருள் வந்துவிட்டது. யாருக்கும் தெரியாத மொழியில் இருக்கும் பழைய காகிதத்தைக்கூட நொடியில் தோண்டி எடுத்துவிடுகிறது. கம்பளம் துவைக்கும் ஆலை ஒன்றுக்காக யாரோ எப்போதோ வரைந்த கூடை ஒன்றை எடுத்துக்காட்டி, இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று கேட்டார்கள்.

சார் இரண்டு நாள் யோசித்துப் பதில் எழுதினார். அந்தக் கூடையில் ஊசி தப்பாது என்று யாரும் சோதித்துக் காட்டவில்லை. இதில் ஆறு இயந்திரங்களில் முப்பது நாட்கள், ஒன்றும் தப்பவில்லை.

அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தது நான். அங்கேயாவது நான் ஒரு

[வாக்கியம் பாதியில் நிற்கட்டும்.]

காப்புரிமை கிடைத்தது. அக்கா மூன்று மாடி ஏறி வந்து என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். “ஊமைக்கோட்டான், நீதான் டைப் பண்ணியாமே. நல்லா இரு.”

6

பிறகு ஒரு பெரிய சலவை இயந்திர நிறுவனம் அதே கூடையைத் தன் இயந்திரத்தில் வைத்து விற்றது. சார் வழக்குப் போட்டார். அவர்கள் எதிர்வழக்குப் போட்டார்கள்: இந்தக் காப்புரிமையையே ரத்து செய்ய வேண்டும், சோதனை பொய், அந்த ஆறு இயந்திரங்களைக் காட்டுங்கள் என்று.

நீதிமன்றத்தில் ஒரு புது விதி வந்திருக்கிறது. தாக்கல் செய்யும் காகிதத்தில் எந்தப் பகுதியை மென்பொருள் எழுதியது, அதை எந்த மனிதர் சரிபார்த்தார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். சரிபார்த்தவர்: [ ].

செவ்வாய்க்கிழமை விசாரணை, காணொளி வழியாக. அதற்குத் தயார் செய்ய வெள்ளிக்கிழமை அக்காவைச் சார் கூப்பிட்டிருந்தார். நான் ஸ்கேன் இயந்திரத்தருகே நின்றேன்.

“அந்த ஆறு மெஷின் எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. சத்தியம் பண்ணிச் சொல்லணும்.”

“எந்த ஆறு?”

“டெஸ்ட் பண்ணீங்களே.”

“நான் நாலாம் நம்பர்ல பண்ணேன் சார். ஒரே மெஷின். உங்ககிட்ட சொன்னேனே.”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “அது இருக்கு. அதுக்குக் கீழ இருக்கே, அறுபத்திரண்டு ஊசி.”

“அது நீங்க எழுதினது. சட்டத்துல அப்படித்தான் எழுதுவாங்க போலன்னு இருந்தேன்.”

“நீங்க சொல்லாம நான் எப்படிம்மா எழுதுவேன்?”

“அப்ப நான் பொய் சொன்னேங்கறீங்க.”

“மறந்திருப்பீங்கங்கறேன்.”

“ஆறு மெஷினையா மறப்பாங்க? குடையா அது?”

சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அந்த வரிய வெச்சுத்தான் பேடண்ட் குடுத்தாங்க. அது இல்லன்னா நிக்குமான்னு தெரியாது. பொய்னு ஆச்சுன்னா, சொன்னது நீங்கன்னுதான் ஆகும். கீழ உங்க கையெழுத்து.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் காகிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன்.

7

முடிவுகள்.

முதலாவதில் நான் அந்த அறையிலேயே பேசிவிடுகிறேன். குரல் தெளிவாக இருக்கிறது. சார் எழுந்து நிற்கிறார். மூன்று பக்கம் எழுதினேன். அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

இன்னொன்றில் நோட்டைச் சாரின் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறேன். தேதி இருக்கிறது, அக்காவின் வார்த்தை இருக்கிறது, ஒரு இயந்திரம், ஒன்பது நாள். பொய் சொன்னது அக்கா அல்ல என்று ஆகிவிடும். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பக்கம் புரட்டுவார். கப்பல்காரக் கணவன். முன்னால் புரட்டுவார். அண்ணி, பேருந்து. இத்தனை கட்டுக்கதைக்கு நடுவில் இந்த ஒரு பக்கம் மட்டும் எப்படி உண்மை என்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

அண்ணியிடம் மட்டும் சொன்னேன். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடேன்.”

“கிழிச்சா அப்புறமா எழுதிச் சேர்த்ததும்பாங்க. முழுசா இருந்தாத்தான்.”

“அப்ப முழுசாக் குடு.”

“அதுல நீங்க செத்துப்போறீங்க.”

“கோர்ட்டுல எல்லாரும் படிக்கட்டும். எங்க அம்மா மட்டும் படிக்காம பாத்துக்கோ.” சற்றுக் கழித்து, “வேலை போயிடும் உனக்கு,” என்றாள்.

மூன்றாவது முடிவுக்கு ஒரு வரி போதும். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. அதை முடிவு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

8

மேலே ‘வரும் செவ்வாய்’ என்று எழுதியபோது சனிக்கிழமை. இப்போது திங்கள் மாலை. இடையில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இதில் நானாக எதையும் சேர்க்கவில்லை.

மதியம் சலவைக்கூடத்துக்குப் போனேன். ஒரு பக்கம் ஏழு இயந்திரங்கள், எதிரே துணி வண்டிகள். காற்றில் சோப்பும் வெந்த பருத்தியும் மணத்தன. அக்கா இரண்டாம் இயந்திரத்தின் கீழே படுத்திருந்தாள். வெளியே வந்து என்னைப் பார்த்து, “சார் அனுப்பினாரா?” என்றாள்.

தலையை ஆட்டினேன், இல்லையென்று. பக்கத்தைத் திறந்து நோட்டை நீட்டினேன்.

“நான்தான் அழுத்தினேன்.”

“என்ன? மெஷின் சத்தத்துல கேக்கல.”

“ஆறு மெஷின். அது நான். சார் இல்ல, நீங்க இல்ல. உங்களுக்குப் போன் பண்ணிக் கேக்கப் பயந்துக்கிட்டு நான்தான் அதப் போட்டேன்.”

என் குரல் அவ்வளவு உரக்க வந்து நான் கேட்டதில்லை. வண்டி தள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா படித்தாள். நாலாம் நம்பர், ஒன்பது நாள், மூணு ஊசி, தப்பிச்சத யாரு எண்ணுவா. பிறகு, நான் கைநீட்டித் தடுப்பதற்குள், பக்கத்தைப் புரட்டிவிட்டாள். கப்பல்காரக் கணவன் இருக்கும் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எழுதக் கை வருகிறது. [காலியாக விடவும்.]

நாளை என்ன நடக்கும் என்பது என்னிடம் இல்லை. நோட்டு இப்போது அவளிடம், இதை வேறு நோட்டில் எழுதுகிறேன். அதைச் சாரிடம் கொடுப்பாளா, நீதிமன்றத்தில் ஒரு இயந்திரம் என்பாளா, ஆறு என்பாளா, காப்புரிமை நிற்குமா, அக்கா என்னைத் திரும்ப எப்போதாவது ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவாளா என்பதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தெரியாத இடத்தில் எண் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அக்கா நோட்டை மூடினாள். கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். நோட்டைக் கருவிப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஷிஃப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போனாள்.